பலகைக்குள் இருக்கும் தண்ணீர்

கேமரன் மலையில் தேயிலைத் தொழில் முழுக்க ஈரக்கணக்குதான். தொழிற்சாலைக்கு வரும் பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி முடிக்கும்போது தூளில் மூன்று விழுக்காடு அளவுக்கே ஈரம் மிஞ்சும். அது மறுபடி ஏறிவிடக் கூடாதென்றுதான் ஒரு காலத்தில் உள்ளே உலோகத்தாள் விரித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் தேயிலையை அடைத்து அனுப்பினார்கள். 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் முதல் இங்கே இதுவே பாடம். ஆனால் அதே மலையில் கதவும் மேசையும் நாற்காலியும் செய்யும்போது, பலகைக்குள் இருக்கும் தண்ணீரைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. தச்சு வேலையில் மூட்டுகள் விட்டுப்போவதற்குக் கைப்பிழையைவிட இந்த மறதியே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மரம் வெட்டுண்ட பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் மூடுபனி இறங்கும் நாட்களில் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அத்தகைய காற்றில் வெகுநாள் கிடந்த பலகையில், அதன் உலர்ந்த எடையில் 18 விழுக்காடு வரை தண்ணீர் இருக்கலாம். அதே பலகை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ குளிர்சாதன அறைக்குப் போனால் 12-க்கும் கீழே இறங்கும். இறங்கும்போது நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் குறையாது, குறைவதெல்லாம் அகலத்திலும் தடிமனிலும்தான். ஈரம் நான்கு விழுக்காடு மாறினால் அகலம் ஒரு விழுக்காடு மாறும் என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு. அறுபது சென்டிமீட்டர் அகல மேசைப்பலகைக்கு அது ஆறு மில்லிமீட்டர். அந்தப் பலகையைச் சுற்றிலும் திருகாணியால் சட்டத்தோடு இறுக்கிவிட்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கிறது. வெடிப்பில் மாவுப்பசை அடைத்து, மேலும் இரண்டு ஆணி அறைவதுதான் வழக்கமான வைத்தியம். நோயையே மருந்தாகக் கொடுக்கிற வேலை அது. முதலில் திருகாணிகளைத் தளர்த்தி, பலகையின் அகலத் திசையில் அவற்றின் துளைகளை நீள்துளைகளாக்க வேண்டும். பலகை சில வாரம் அந்த அறையிலேயே கிடந்து நிலைக்கு வந்தபின், வெடிப்புக்குள் அதே மரத்தின் சிம்பைச் சீவி ஒட்டலாம்.

ஆடுகிற நாற்காலிக்கும் இதே பொறுமைதான் தேவை. துளைக்குள் மேலும் கொஞ்சம் வெள்ளைப் பசையை ஊற்றி அமுக்கிவைப்பார்கள். மாதம் திரும்புவதற்குள் மறுபடி ஆடும். கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். காலின் முளைமேல் பழைய பசை வழுவழுப்பான தோல்போலப் படிந்திருக்கும். காய்ந்த வெள்ளைப் பசைமேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. இடைவெளியை நிரப்பும் சக்தியும் அதற்குக் கிடையாது. எனவே உளியை நிமிர்த்திப் பிடித்து, வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். இழைப்புளியில் விழும் மெல்லிய சுருளை எடுத்து முளையின் இரு கன்னங்களிலும் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டுச் சீவிப் பார்க்க வேண்டும். முளை துளைக்குள் தானாக வழுக்கி விழுந்தாலும் தவறு, சம்மட்டியால் அடித்து இறக்க நேர்ந்தாலும் தவறு. கையால் அழுத்தினால் தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். வெளியே தெரியும் முளையாக இருந்தால் நடுவில் பிளந்து ஆப்பு வைக்கலாம். ஆப்பின் அகலம் துளைக்கட்டையின் ரேகைக்குக் குறுக்கே நிற்கட்டும், ரேகையோடு நின்றால் கட்டை பிளந்துவிடும்.

இன்றைய பசை மரத்தைவிட வலுவானது, பிறகேன் இந்தக் கவலை என்று கேட்கலாம். ரேகை இணையாக ஓடும் இரண்டு பலகைகளை ஒட்டும்போது அது உண்மை. குறுக்கு ரேகையில் பசை பிடித்துக்கொண்டாலும் மரம் விடாது. ஒன்று பசை கிழியும், இல்லையேல் பலகை பிளக்கும். சூளையில் உலர்த்திய மரம் வாங்கினால் போதாதா? மலைக்கு வந்த சில வாரங்களில் அது மலைக்காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். சாயம் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அதிலும் கதவின் மேல், கீழ் விளிம்புகளைப் பூசாமல் விட்டால் அந்தப் பயனும் இல்லை. ஒட்டுப்பலகை மட்டும் நியாயமான விடை, அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அது அவ்வளவாக அசையாது. மரத்தூள் பலகையை அதோடு சேர்க்க முடியாது, விளிம்பில் ஈரம் ஏறி உப்பினால் மீட்கவே வழியில்லை. தோட்டத்துப் பலகை வீட்டில் இருப்பவருக்கு இத்தனைக்கும் நேரமும் காசும் ஏது என்பதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. ஆனால் கழிவுக்கட்டையில் சீவிய ஆப்புக்கு விலை கிடையாது. மழைமாதத்தில் இறுகிய கதவை அவசரப்பட்டு இழைக்காமல், வெயில் வரும்வரை பொறுப்பதற்கும் செலவில்லை. ஈரத்தில் இழைத்த கதவு, வெயில் வந்ததும் விரல் நுழையும் சந்து விடும்.

மலாய்க்காரர்களின் பழைய மரவீடுகள் இதற்குச் சாட்சி. செங்கால் மரத் தூணில் துளையிட்டு உத்தரத்தை நுழைத்து ஆப்பால் இறுக்கினார்கள், ஆணி அடிக்கவில்லை. மூட்டு தளர்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கலாம். இடம் மாற வேண்டுமென்றால் வீட்டையே கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய் எழுப்பலாம். மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் நாட்டில் பிறந்த அறிவு அது. கேமரன் மலையில் உளி பிடிக்கும் இளைஞர்களிடம் ஒரே வேண்டுகோள்: அடுத்த மூட்டை வெட்டுவதற்கு முன், அந்தப் பலகையை அது இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள்.