நீர்த்தாரையால் யந்திரங்களைத் தூய்மை செய்தல்

செஞ்சியைச் சூழ்ந்த வயல்களில் நெல்லறுவடை முடிந்தபின், அறுவடை யந்திரங்களும் டிராக்டர்களும் சேறும் வைக்கோலும் கிரீஸும் படிந்து நிற்றலை யாவரும் காண்கின்றோம். 'வாட்டர் சர்வீஸ்' என வழங்கும் நிலையங்களில் அவற்றைக் கழுவுவர். எம்முறையாற் கழுவுதல் நலம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நீரின் அழுத்தம் எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பத்து மீட்டர் உயரமுள்ள நீர் தன் அடியில் ஏறத்தாழ ஒரு 'பார்' அழுத்தம் தரும். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். அதன் உச்சியினின்று அடிவரை ஒரு குழாயமைத்து நீரால் நிரப்பின், அடியில் 24 பார் அழுத்தம் உண்டாகும். உயரழுத்தக் கழுவுபொறியோ 100 பாருக்கு மேலும் தர வல்லது. நான்கு ராஜகிரிகளை அடுக்கினாற் போன்ற ஆற்றல் அது!

இவ்வாற்றல் ஒன்றே போதாதோ எனின், போதாது. தூய்மைக்கு விசை, வெப்பம், இரசாயனப் பொருள், காலம் என்னும் நான்கும் வேண்டுமென 1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். ஒன்று குறையின் மற்றவற்றை மிகுத்தல் வேண்டும். உமியும் வைக்கோலும் நனைந்தால் ஒட்டிக்கொள்ளுமாதலின், அவற்றைத் துடைப்பத்தாலோ காற்றாலோ முன்னரே நீக்குக. காய்ந்த சேற்றை ஊறவிட்டுப் பின் தண்ணீர்த்தாரையாற் போக்குக. கிரீஸுக்கு வெந்நீரும் சோப்பும் வேண்டும். குளிர்ந்த தாரை அதனைப் பரப்புமேயன்றி எளிதிற் கரைக்காது. சோப்பு நுரை செங்குத்தான பரப்பிலும் பற்றி நின்று, ஊறுதற்குக் காலம் தரும்.

தாரையின் விரிவு 0, 15, 25, 40 பாகை எனப் பலவாம். விரிவு மிக மிக, ஓரிடத்துப் படும் விசை குறையும். பூச்சுள்ள பரப்புக்கு 40 பாகையே ஏற்றது. பேரிங்குகளை நேரே தாக்கின், நீர் உட்புகுந்து கிரீஸை வெளியேற்றும். பின்னர்த் துரு பற்றும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். மேலும், கூரிய தாரை மனிதர் தோலையும் துளைக்கும். காயம் சிறிதாகத் தோன்றினும் உள்ளே பெருங்கேடு விளைந்திருத்தல் கூடுமாதலின், உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

கோட்டையினுள் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் அமைத்த முன்னோர் நீரின் அருமையை நன்குணர்ந்தவர். எண்ணெய் கலந்த கழுவுநீரை ஏரியில் விடாது, குழியில் தேக்கி எண்ணெயைப் பிரித்தல் நம் கடமையாம். மிக்க விசையைக் காட்டிலும் அழுக்கின் இயல்பறிந்து கழுவுதலே சிறந்த முறை என்பது இதனாற் பெறப்படும்.