பாகு பதம் – பாட்டியின் கிண்ணமும் தெர்மாமீட்டரும்

சங்கராந்தி நெருங்கினால் புனே மளிகைக் கடைகளில் 'சிக்கீச்சா கூள்' என்று தனியாக ஒரு வெல்லம் வந்து இறங்கும். அதில்தான் மராட்டிய அன்பர்கள் எள்ளைச் சேர்த்து தில்குள் செய்கிறார்கள். நமக்குக் கார்த்திகைக்குப் பொரி உருண்டை, கல்யாணத்துக்குப் பருப்புத் தேங்காய். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. தாபோடியில் லோக்கல் வண்டி ஏறினால் லோனாவாலா சிக்கி! இத்தனைக்கும் அடிப்படை ஒன்றே: பாகு பதம்.

பதம் என்பது என்ன?

சர்க்கரைத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது. நீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே பாகின் சூட்டை அளந்தால் அதில் எவ்வளவு நீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். கடல் மட்டத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கான கணக்கு இது:

கம்பிப் பதம்: 106–112 டிகிரி செல்சியஸ். சர்க்கரை சுமார் 80 சதவீதம். லட்டு, மைசூர் பாகு.

உருட்டுப் பதம்: 112–116 டிகிரி, 85 சதவீதம். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். அதிரசம்.

கெட்டி உருண்டைப் பதம்: 121–130 டிகிரி, 92 சதவீதம். உருட்டித் தட்டில் போட்டால் சத்தம் வரும். பொரி உருண்டை.

உடையும் பதம்: 146–154 டிகிரி, 99 சதவீதம். தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் 'படக்'கென்று உடையும். கடலை மிட்டாய், கல் மிட்டாய்.

160-ஐத் தாண்டினால் நிறம் சிவந்து, பிறகு கசக்கும்.

புனேக் கணக்கு வேறு

நம் புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93-க்கும் கீழே. ஆகவே மேலே சொன்ன ஒவ்வொரு அளவிலும் இங்கே 2 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். 2 டிகிரிதானே என்று எண்ணாதீர்கள். உருட்டுப் பதத்தின் மொத்த இடைவெளியே 4 டிகிரிதான்! சென்னைக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் அதிரசம் கல்லாகிவிடும். தெர்மாமீட்டர் வாங்கியவர்கள் முதலில் அதை வெறும் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். 100-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைக் கழியுங்கள்.

பாட்டியின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தக் கழித்தல் தேவையில்லை. அது சூட்டைப் பார்ப்பதில்லை, மிச்சமிருக்கும் நீரையே பார்க்கிறது. மதுரையானாலும் தாபோடியானாலும், வெல்லமானாலும் சர்க்கரையானாலும் அதன் தீர்ப்பு ஒன்றே.

சுக்கு மிட்டாய்

சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு அரை தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை தேக்கரண்டி.

அடி கனமான பாத்திரத்தில் சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்துச் சிறு தீயில் கரையுங்கள். கொதி வந்ததும் கிளறக் கூடாது. இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். ஓரத்தில் ஒட்டிய துகள்களை ஆவியே கழுவிவிடும். ஒரு துகள் மிஞ்சினாலும் பாகு முழுவதும் பூத்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுகோஸ், பிரக்டோஸ் என்று பிரித்து, பூப்பதைத் தடுக்கும். பிறகு திறந்து கொதிக்க விட்டு, கிண்ணத் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பாருங்கள். பல்லில் ஒட்டினால் இன்னும் பதம் வரவில்லை. உடைந்தால் உடனே இறக்கி, சுக்குப் பொடி கலந்து, நெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். கைபொறுக்கும் சூட்டில் கீறிவிட்டு, ஆறியதும் உடையுங்கள்.

மழைக்காலத்தில் மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஆறியவுடன் இறுக மூடும் பாட்டிலில் போட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பாகு கொதிநீரை விட 50 டிகிரி அதிகச் சூடு. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சிறு குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர்ச் சமையல் குறிப்புகள் செல்பேசியில் எளிதாகக் கிடைக்கின்றன. பதம் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். பெரிய பிள்ளைகளிடம் இந்தப் பொங்கலுக்குத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொடுத்து, பதம் பார்க்கச் சொல்லுங்கள்.