கீஸ்டோனைக் கடைசியா தொடுங்க

ஆரப்பாளையம் பக்கம் மொட்டை மாடியில புரொஜெக்டர் வச்சு மேட்ச் பாக்குற பலரும் முதல்ல பண்ற வேலை, மெஷினோட முன்பக்கத்துக்கு அடியில ஒரு செங்கல். படம் மேல ஏறும். கூடவே மேல் பக்கம் அகலமாகி சரிவகம் ஆயிடும். உடனே கீஸ்டோன்.

சிக்கலே அதுலதான். கீஸ்டோன் லென்ஸை அசைக்கிறதில்ல. உள்ள சிப்ல இருக்குற படத்தையே எதிர்ப்பக்கமா குறுக்குது. ஃபுல் ஹெச்டில ஒரு வரிக்கு 1920 புள்ளி. மேல் வரி 1600 ஆச்சுன்னா, மொத்தத்துல குறைஞ்சது 1,72,800 புள்ளி சும்மா கிடக்கும். மிச்சத்துல படத்தைத் திணிக்கிறப்போ ஸ்கோர் எழுத்துதான் முதல்ல மசங்கும்.

தியேட்டர்லயும் கேபின் உசரத்துலதான் இருக்கு. ஆனா அங்க லென்ஸ் ஷிஃப்ட் உண்டு: லென்ஸே மேல கீழ நகரும், சிப் முழுசா வேலை செய்யும். 2கே தியேட்டர் படமே 2048-க்கு 1080தான், அதை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

நமக்கு ஸ்டூல்தான் லென்ஸ் ஷிஃப்ட். நிறைய மாடல்ல படத்தோட கீழ்விளிம்பு லென்ஸ் மட்டத்துக்குப் பக்கத்துல விழும். செங்கலை எடுத்துட்டு, மெஷினைச் சாய்க்காம அப்படியே உசத்தி, திரைக்கு நேரா வைங்க. அப்புறம் ஃபோகஸ், நடுவுல மட்டும் இல்ல, நாலு மூலையிலயும் எழுத்து வச்சுப் பாருங்க.

கலர் கடைசி. பிரைட்னெஸ்னு பேர் இருந்தாலும் அது கறுப்போட அளவைத்தான் மாத்தும், வெள்ளைக்கு கான்ட்ராஸ்ட். ராத்திரி சீன்ல தலைமுடியும் கறுப்புச் சட்டையும் தனித்தனியா தெரியுற இடத்துல நிறுத்துங்க. புரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாது பாஸ், வெளிச்சம் படாத சுவர்தான் கறுப்பு. தெருவிளக்கு அதுல விழுந்தா எந்த செட்டிங்கும் உதவாது. வேற சுவர் பாருங்க.