ஆறின கஞ்சி பழங்கஞ்சி இல்லீங்க!

மோட்டார் தியரி நமக்கு அத்துப்படி. ஆனா, மன்னவனூர் குளிர்ல பசி தாங்காம, வதக்கின தக்காளியைச் சுடச்சுட மிக்ஸியில போட்டேன் பாருங்க... மூடி பறந்து, சுவரெல்லாம் சட்னி! கை தப்பிச்சது அதிர்ஷ்டம்.

"இன்ஜினீயரிங்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" - அப்பத்தா.

2011-ல் தொடங்கின அரசுத் திட்டத்துல விலையில்லா மிக்ஸி வாங்கி, தானே பழகினவங்க. அவங்க பாடம் இதோ:

சூட்டுல அரைச்சா நீராவி மூடியைத் தள்ளும், ஆறவிடுங்க. ஜாரை மாட்டுறப்பவும், உள்ளே கைவிடுறதுக்கு முன்னாடியும் ப்ளக்கைக் கழட்டுங்க. பிளேடு இறுக்கமா இருக்கணும், ஜார் ஆடக்கூடாது. மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை உடைக்காதீங்க. மலைப்பூண்டை விட்டு விட்டு அரைங்க.

திடீர்னு நின்னுடுச்சா? ப்ளக்கைக் கழட்டி, பாரத்தைக் குறைங்க. மோட்டார் ஆறினதும், பல மிக்ஸிகள்ல அடியில இருக்குற சிவப்பு பட்டனை அமுக்குங்க. அதாங்க 'ஓவர்லோட் டிரிப்'. பரீட்சையில ரெண்டு மார்க். இங்கே மோட்டாரோட உயிர்!