கடை யார் பெயரில்?

பார்த்திபனூரிலிருந்து கமுதிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அபிராமம். கண்மாய் பெருகினால் வெள்ளாமை; வறண்டால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வேண்டியதுதான். மிளகாயும் பருத்தியும் ஒரு வருடம் கைகொடுக்கும், மறுவருடம் கடனில் விடும். இந்தப் பக்கத்து ஊர்களில் ‘சபர்’, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போவது பல தலைமுறைப் பழக்கமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அபிராமம், இளையான்குடி, பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று இராமநாதபுரம் சீமை முழுக்கவே பாதி மனசு கடலுக்கு அப்பால்தான். முன்பு கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். பிறகு ஜித்தா, ரியாத், துபாய்.

சம்பளத்துக்குப் போனவர்களின் கதையை நிறையப் பேசிவிட்டோம். போன இடத்தில் சொந்தமாகக் கடை போட்டவர்களின் கதை வேறு. இன்னொருவர் மண்ணில், பாஷை தெரியாமல், கையில் காசில்லாமல் இறங்கிய ஒருவர் எப்படி முதலாளி ஆனார்? அதைவிட முக்கியமான கேள்வி, அப்படி ஆனவர்களில் பலர் ஏன் ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்? இன்றைக்குப் பாஸ்போர்ட்டோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பினாங்கிலிருந்து தொடங்கலாம். 1786-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவில் கொடி நட்ட நாளிலிருந்தே தமிழ் முஸ்லிம்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் தலைவரான காதர் மொய்தீன் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனின் நடுவில் நிற்கிறது. அங்கே பெரிய வணிகர்கள் கப்பல் விட்டார்கள். பின்னால் வந்த சாதாரண ஆட்களுக்குக் கிடைத்தது தோள் மட்டும்தான். மூங்கில் கழியைத் தோளில் வைத்து, ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புப் பாத்திரங்களைத் தொங்கவிட்டு, காலையில் துறைமுகத்துக்கு நடந்தார்கள். மூட்டை தூக்குபவர்கள் பசியோடு இருப்பார்கள், சோறு சூடாக இருக்கும். வியாபாரத்துக்கு அது போதும். இன்று மலேசியா முழுக்கத் தெரிந்த ‘நாசி கண்டார்’ அந்தக் காவடியிலிருந்து வந்ததுதான். பினாங்கு கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகத்தை, 1907-இல் முகமது தம்பி ராவுத்தர் இப்படித் தெருவோர வியாபாரமாகத் தொடங்கியதாகச் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டியும் அங்கே வரிசை நிற்கிறது.

காவடிக்கு அடுத்த படி ஒட்டுக்கடை. மலாயா நகரங்களில் கடைவீட்டு முகப்பில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு நடைபாதை விட்டிருப்பார்கள். அங்குள்ள தமிழர் பேச்சில் ‘அஞ்சடி’. அந்த அஞ்சடியின் தூணோரத்திலோ மாடிப்படியின் அடியிலோ ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை அடித்தால் கடை தயார். வெற்றிலை, பாக்கு, சில்லறையாக விற்கும் சிகரெட்டு, தீப்பெட்டி, மிட்டாய், பத்திரிகை. இரவில் கடைக்குள்ளேயோ கடை வாசலிலேயோ படுக்கை. வாடகை குறைவு, சாப்பாடு ஊர்க்காரர் கடையில்.

இதற்கான முதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். வங்கி இவர்களை வாசலில் விடாது. செட்டியாரிடம் போக ஈடு வேண்டும். முதல் என்று வந்தது சரக்குத்தான். மொத்தக் கடையில் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த மாமுவோ மச்சானோ, “இவன் நம்ம ஊர்ப் பையன், சரக்குக் கொடுங்க, பாக்கிக்கு நான் பொறுப்பு” என்று சொன்ன ஒரு வாக்கு. வாரக் கடைசியில் விற்ற காசைக் கொடுத்துவிட்டு அடுத்த சரக்கு. பையன் ஏமாற்றினால் மாமுவின் பேர் பினாங்கில் மட்டுமல்ல, ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத் வரைக்கும் கெடும். எழுத்தில்லாத இந்தக் கட்டுப்பாடு எந்தப் பத்திரத்தையும்விட உறுதியாக வேலை செய்தது. ஒரே கடையில் இரண்டு மூன்று பேர் பங்கு வைத்து, ஒருவர் ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு இருக்கும் காலத்தில் மற்றவர் கடையைப் பார்ப்பதும் வழக்கமாக இருந்தது. ராஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாகப் போய்வந்த காலம் அது. கப்பலில் ஆள் மாறும், கடை மூடாது.

ஆனால் அந்த வாக்குக்கு எட்டாத ஓர் இடம் இருந்தது. அது அரசாங்கத்தின் மேசை.

இலங்கை சுதந்திரம் அடைந்ததும் 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையைக் கேள்விக்குறி ஆக்கின. தோட்டத் தொழிலாளர்களை அது எப்படிப் பாதித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கொழும்பு பேட்டையில் கடை வைத்திருந்த நம் பகுதிக்காரர்களும் அதே வலையில் மாட்டினார்கள். தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள் தற்காலிக வசிப்பு அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்கும் அந்நியர்கள் ஆனார்கள். மலாயாவில் 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக ஆள் வருவதைச் சுருக்கியது. 1959-இல் இன்னும் இறுகியது. பர்மாவில் 1964-இல் நெ வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியபோது, முந்தின நாள் கல்லாவில் உட்கார்ந்தவர் மறுநாள் கடை வாசலில் வெறுங்கையோடு நின்றார். மலேசியாவில் 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதி கடுமையானது. குடியுரிமைத் தாள் எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். “நாம எப்படியும் ஊருக்குத்தானே போகப் போறோம்” என்று எடுக்காமல் விட்டவர்கள் கப்பல் ஏறினார்கள்.

இதன் மறுபக்கத்தை நம் கரையிலேயே பார்த்தோம். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்து இறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடெங்கும் அனுப்பப்பட்டன. அவர்களில் ஏராளமானோருக்கு மறுவாழ்வு என்று கொடுக்கப்பட்டது சிறு வியாபாரக் கடன். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணிடமும், கவ்வாத்து வெட்டிய ஆணிடமும், கேள்விப்பட்டே இராத ஓர் ஊரில் பெட்டிக்கடை போடச் சொன்னது அரசு. அவர்களிடம் இந்தியக் குடியுரிமை இருந்தது, பணமும் ஓரளவு கைக்கு வந்தது. ஆனால் நம்பிச் சரக்குக் கொடுக்க, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எந்தக் கடையில் மொத்த விலை குறைவு, யாருக்குக் கடன் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. கடன் தொகை இடைத்தரகர்களிடமும் அன்றாடச் செலவிலும் கரைந்தது. பலர் திரும்பவும் கூலிக்கே, நீலகிரித் தேயிலைக்கே போனார்கள். மறுவாழ்வுத் திட்டங்களில் இதைவிட அநியாயமான கணக்கு ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே காலத்தில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில் கடைகள் ஒதுக்கினார்கள். அதுதான் பர்மா பஜார். அது நிலைத்து நின்றது. ரங்கூனிலேயே வியாபாரம் தெரிந்தவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில், ஒருவரையொருவர் அறிந்தவர்களாக, அரசே ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தார்கள். தெரிந்த முகம், உரிமையுள்ள இடம் என்று இரண்டும் ஒருசேரக் கிடைத்தன. பணம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இவற்றுக்கு அப்புறம்தான்.

வளைகுடாவில் இன்று நடப்பதற்கு வருவோம். “ஃப்ரீ விசாவில போய்ட்டு, அங்க ஒரு பகாலா (மளிகைக் கடை) போட்டுக்கலாம்” என்ற பேச்சை இந்தப் பக்கத்து டீக்கடையில் யாரும் கேட்கலாம். ஃப்ரீ விசா என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. விசா கொடுக்கும் உள்ளூர்க்காரரான கஃபீலுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, வெளியே வேறு பிழைப்புப் பார்ப்பதற்கு ஊர் வைத்த பேர் அது. சவூதியில் பல காலம் மளிகைக் கடைகளும் சலூன்களும் இப்படித்தான் நடந்தன. உரிமம் கஃபீல் பெயரில், உழைப்பும் முதலும் நம் ஆளுடையது. கஃபீல் நல்லவராக இருந்தவரை ஓடியது. அவர் இறந்து மகன் வந்தாலோ, கடை நன்றாக ஓடுவதைக் கண்டு மனம் மாறினாலோ, கேட்க நாதியில்லை. கடை சட்டப்படி அவருடையது. போலீஸிடம் போனால் குற்றவாளி நம் ஆள்.

இப்போது அந்த ஏற்பாடே பெரிய குற்றம். 2021-இல் அமலுக்கு வந்த சவூதியின் புதிய சட்டப்படி, சவூதிக்காரர் பெயருக்குப் பின்னால் வெளிநாட்டவர் தொழில் நடத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். ஊரில் இருக்கும் நகையை அடகு வைத்து அந்தக் கடையில் போடுகிறவர் எதில் காலை வைக்கிறார் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

சொந்தப் பெயரில் தொழில் செய்யும் கதவு எங்கும் இல்லை என்றில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2021 ஜூன் முதல், பெரும்பாலான தொழில்களில் உள்நாட்டுப் பங்காளி இல்லாமலே வெளிநாட்டவர் முழு உரிமையோடு நிறுவனம் வைக்க அனுமதிக்கிறது. செலவு உண்டு, ஆனால் உரிமத்தில் உங்கள் பெயர் இருக்கும். மலேசியாவில் தனிநபர் கடையாகப் பதிவு செய்யக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்; வெளிநாட்டவர் கம்பெனியாகத்தான் பதிய முடியும், சில்லறை வியாபாரம் என்றால் முதலீட்டு வரம்பு மிகப் பெரியது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சொந்தத் தொழில் தொடங்கவே கூடாது. அங்கே உறவினர் பெயரில் உணவுக்கடை நடத்தலாம் என்று ஆசை காட்டுபவர்கள், பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது யார் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே அபிராமத்திலிருந்து கிளம்பும் தம்பி முதலில் கேட்க வேண்டியது விசா விலையை அல்ல. விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது, அந்த விசாவில் தொழில் செய்ய அனுமதி உண்டா, உரிமம் யார் பெயரில் வரும் என்று கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் அந்த அனுமதி தரும் பாதுகாப்பையே முதலில் பறிக்கிறார். ஊரில் முன்பே போய்வந்த மாமு, மச்சான்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாக்கு இன்றும் சரக்கு வாங்கித் தரும். அந்த வாக்கோடு, உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்தவர்கள் கௌரவத்துக்காக மூடி மறைத்த கதைகளால்தான் அடுத்த பையன் அதே கஃபீலிடம் போய்ச் சேருகிறான்.

இதையெல்லாம் எழுதும்போது மண்டபத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1983-க்குப் பிறகு இதே கரையில் வந்திறங்கிய ஈழத்தமிழர்கள் நாற்பது வருடங்களாக இங்கே புதியவர்களாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள். முகாம்களை 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினோம், புது வீடுகள் கட்டினோம், நல்லதுதான். ஆனால் குடியுரிமை இல்லாத ஒருவர் சொத்து வாங்கவும் தொழிலுக்கு வங்கிக் கடன் பெறவும் இன்றும் அல்லாடுகிறார். முகாம் ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள்; கையில் நல்ல தொழில் இருந்தும் தினக்கூலியைத் தாண்டி வளர முடியவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். கொழும்பிலும் ரங்கூனிலும் நம்மவர்களுக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்லும் வாய், இதையும் அநியாயம் என்றே சொல்ல வேண்டும். குடியுரிமைக் கேள்வி டெல்லியில் தீரும்வரை காத்திருக்காமல், முகாமில் இருப்பவரின் சொந்தப் பெயரிலேயே தொழில் உரிமமும் சிறுகடனும் கிடைக்கும் வழியை மாநில அரசு கேட்டு வாங்க வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள், கடல் தாண்டிப் போய்க் கடை வைத்த இராமநாதபுரத்துக்காரர்கள்.