சுரண்டினால் தெரியும் விடை

மருத்துவ மாணவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து, "சேர்ந்து படியுங்கள்" என்று விட்டால் என்ன நடக்கும்? ஒருவர் படிப்பார், மற்றவர்கள் அவருடைய நோட்டை ஜெராக்ஸ் எடுப்பார்கள். இதற்கு வழி கண்டவர் மருத்துவர் அல்ல, வணிக மேலாண்மைப் பேராசிரியர். 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கேல்சனின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருகியது. அப்போது அவர் வகுத்த 'குழுவழிக் கற்றல்' பிறகு மருத்துவக் கல்விக்கும் வந்தது. சிங்கப்பூரில் 2013இல் தொடங்கிய லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரியில் இதுதான் முக்கியப் பாடமுறை.

பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் முதலில் தனித்தனியாகத் தேர்வு. உடனே அதே வினாத்தாள் குழுவுக்கும் தரப்படும். இம்முறை விடைத்தாள் ஒரு சுரண்டல் அட்டை. பேசி முடிவெடுத்த விடையைச் சுரண்டினால், சரி என்றால் குறி தெரியும். தவறு என்றால் மறுபடி வாதம், மறுபடி சுரண்டல், மதிப்பெண்ணும் குறையும். தனித்தேர்வு மதிப்பெண்ணும் கணக்கில் சேருவதால் யாரும் ஓசியில் தேற முடியாது. அட்டை காட்டும் விடை தவறென்று கருதும் குழு, பாடநூல் ஆதாரத்தோடு எழுதி முறையிடலாம். ஆசிரியர் அதுவரை வாய் திறப்பதில்லை. பிறகும் எல்லோருக்கும் குழம்பிய இடத்தை மட்டும் சுருக்கமாக விளக்குவார்.

அடுத்து வருவதுதான் உண்மையான பாடம். நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார், இரத்த அழுத்தம் குறைவு, ஈசிஜியில் இதயத்தின் அடிச்சுவர் பாதிப்பு. முதலில் என்ன செய்வீர்கள்? நெஞ்சுவலி என்றதும் நாக்குக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கத்தான் கை போகும். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அது அழுத்தத்தை இன்னும் சரித்துவிடும் என்பது குழுவில் ஒருவருக்காவது நினைவு வர வேண்டும். வந்தாலும், மற்ற ஐந்து பேரை அவர் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். எல்லாக் குழுக்களும் ஒரே கேள்விக்கு, ஒரே நேரத்தில், ஒரே ஒரு விடை அட்டையைத் தூக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக் குழுவைப் பார்த்து மாற்ற முடியாது. "இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம்" என்று நழுவவும் முடியாது. இந்த முறையின் சாமர்த்தியமே இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுமை முழுவதும் கேள்வி எழுதுபவர் தலையில். புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்கும் விடைக்கு யாரும் வாதாட மாட்டார்கள். வாதம் இல்லையென்றால் அது இன்னொரு தேர்வு, அவ்வளவுதான். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கவும் இந்த அட்டைகள் கற்றுத்தராது. அதற்கு வார்டுக்குத்தான் போக வேண்டும்.