அவுட்போர்டு இஞ்சினை எந்த உயரத்தில் பொருத்துவது?

வள்ளத்திலும் கண்ணாடியிழைப் படகிலும் அவுட்போர்டு இஞ்சின் வைத்துத் தொழில் செய்யும் மீனவர்கள் சிலர், எண்ணெய் அதிகம் செலவாகிறது, இஞ்சின் இரைந்தாலும் படகு நகரவில்லை, சூடேறி நின்றுவிடுகிறது என்று குறைப்படுவது உண்டு. இஞ்சினைப் பிரிப்பதற்கு முன், அது பொருத்தப்பட்டுள்ள உயரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

உயரம் தவறினால்

இஞ்சின் அதிக உயரத்தில் இருந்தால் விசிறி, நீர்ப்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். காற்றுக் கலந்த நீரில் விசிறிக்குப் பிடிப்பு இராது. குளிர்விக்கும் நீர் போதிய அளவு செல்லாமல் இஞ்சின் பழுதாகும். அலை உடையும் இடத்தில் இவ்வாறு நேர்ந்தால், படகு குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும்.

அதிகம் தாழ்ந்திருந்தால் இஞ்சின் கால் நீரில் இழுபட்டு வேகம் குறையும், எண்ணெய் வீணாகும், ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டும்.

அளக்கும் முறை

படகைக் கரையேற்றி, பின்பக்கத்தைக் கட்டை கொடுத்து உயர்த்தி, இஞ்சினை ஓடும் நிலையில் இறக்கி வைக்கவும். படகின் அடியில், நடுக்கோட்டில், நேரான சட்டம் ஒன்றை ஒட்டி வைத்து இஞ்சின் கால் வரை நீட்டவும். சட்டத்தின் மேல்விளிம்பே படகின் அடிமட்டம். விசிறிக்கு நேர் மேலே உள்ள தட்டையான தகடு இந்த மட்டத்திலோ, அதற்கு 1 அங்குலம் (2.5 செ.மீ.) வரை கீழேயோ இருப்பது பொதுவாக ஏற்றது.

திருத்தும் முறை

இஞ்சின் தாழ்ந்திருந்தால், பின்பலகையின் மேல் உறுதியான மரத்துண்டு பொருத்தி உயர்த்தலாம். கவ்வித் திருகுகள் பின்பலகையை நன்கு பற்ற வேண்டும். உயர்ந்திருந்தால் பின்பலகையை வெட்டித் தாழ்த்தக் கூடாது. பின்னால் வரும் அலை படகினுள் புகும். பின்பலகையின் உயரம் ஏறத்தாழ 15 அங்குலமானால் குட்டைக்கால் இஞ்சினும், 20 அங்குலமானால் நெட்டைக்கால் இஞ்சினும் பொருந்தும். எனவே இஞ்சின் வாங்குமுன் பின்பலகையை அளப்பது அவசியம்.

ஓட்டிப் பார்த்தல்

வழக்கமான ஆட்கள், வலை, பனிக்கட்டிச் சுமையுடன் ஓட்டிப் பார்க்கவும். திரும்பும்போது இஞ்சின் திடீரென இரைந்தால் சற்றுத் தாழ்த்த வேண்டும். குளிர்விக்கும் நீர் தடையின்றி வெளியேறுகிறதா என்று கவனிக்கவும். இஞ்சினைக் கயிற்றால் படகுடன் பிணைத்து வைப்பது நல்லது.

ஒரு சட்டமும் அளவுநாடாவும் கொண்டு அரைமணி நேரத்தில் முடியும் இவ்வேலையால் எண்ணெய் மிச்சமாகும். கடலில் இஞ்சின் நின்று தவிக்கும் ஆபத்தும் குறையும்.